சரக்கு ரயில் நீளத்துக்கு ஓர் ஓய்வு

டைப்ரைட்டிங் பரீட்சை மண்டபத்தில் அன்று நடந்தது இவ்வளவுதான்:

1. வேகத் தாள் தொடங்கிச் சற்று நேரத்தில், மண்டபத்தின் பின்பக்கம் ஒரு சரக்கு ரயில் வந்தது.
2. ராயபுரத்திலிருந்து போன எங்கள் பெண்கள் நால்வரும் டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்கள்.
3. மற்ற இன்ஸ்டிட்யூட்களிலிருந்து வந்தவர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.
4. மேற்பார்வைக்கு நின்றவர், நான்கு பெண்களுக்கும் ஒரே சமயத்தில் மயக்கம் வந்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.
5. சாரதா முதலில் கண்ணைத் திறந்தாள். அடுத்து மற்ற இருவர்.
6. ரெஜினா கடைசிப் பெட்டி போகும்வரை திறக்கவே இல்லை.

என் இடத்துக்கு டீச்சர்களாக வந்திருக்கும் நீங்கள் இருவரும் இதை வேறு மாதிரி கேட்டிருப்பீர்கள். ராயபுரத்தில் இது இப்போது வேடிக்கைக் கதையாகச் சுற்றுகிறது. நான்கு பெண்களும் மெஷினுக்கு முன்னால் ஜெபம் செய்தார்கள் என்று ஒருவர் சொல்கிறாராம். தூங்கிவிட்டார்கள் என்று இன்னொருவர். பெண்கள் பிரிவில் நான் வைத்த இடை ஓய்வை நிறுத்திவிடலாம் என்று நீங்கள் யோசிப்பதாக நம் முதலாளி நாயுடு சார் சொல்லியனுப்பினார். நிறுத்துவதற்கு முன் என் பக்கத்தையும் கேளுங்கள்.

உங்களைவிட எனக்கு வயது அதிகம் ஒன்றும் இல்லை. கல்யாணமான பெண்ணை வேலையில் வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் இன்ஸ்டிட்யூட்டில் இல்லாததால், இருபத்தாறு வயதில் ஓய்வு பெற்றவள் நான். அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

நம் வகுப்பு இருக்கும் மாடியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கீழே கயிற்றுக் கிடங்கு. பின்பக்கச் சுவரை ஒட்டினாற்போல் துறைமுகத்துக்குப் போகும் தண்டவாளம். சரக்கு ரயில் வந்தால் மேசை ஆடும், மெஷின் ஆடும், எழுத்து ஒன்றின் தலைமேல் இன்னொன்று ஏறி உட்காரும். நான் அங்கே சேர்ந்தபோதே நாயுடு சார் ஒரு சட்டம் வைத்திருந்தார்: ரயில் போகும்போது யாரும் அடிக்கக் கூடாது. உடம்பைப் பற்றியோ மனத்தைப் பற்றியோ அவருக்குக் கவலை இல்லை. அவருடைய கவலை காகிதம். ஒருமுறை ரயிலோடு போட்டி போட்டு அடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், "ரயிலு போவட்டும்மா. பேப்பரு இன்னா உங்க நைனா வூட்டுலேந்தா வந்துகினுகீது?" என்று கேட்டார். அவர் கோபமாகப் பேசினால்கூட யாருக்கும் பயம் வராது. அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டுத்தான் கையை எடுத்தாள்.

அந்தச் சட்டம் எனக்கு முதலில் தொந்தரவாகத்தான் இருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை முறை ரயில் வரும், அதில் எவ்வளவு பயிற்சி நேரம் போகும் என்று கணக்குப் போட்டுச் சலித்துக்கொண்டேன். பிறகு ஒன்றைக் கவனித்தேன். ரயில் போனதும் அடிக்கிற முதல் இரண்டு மூன்று வரிகள், அந்தப் பக்கத்திலேயே சுத்தமான வரிகளாக இருந்தன. எல்லாப் பெண்களுக்கும் இல்லை. ரயில் போகும் நேரத்தில் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும். அடித்த காகிதத்தைக் குனிந்து பார்த்துத் தப்புகளைத் தேடியவர்களுக்கு ரயிலுக்குப் பிறகு இன்னும் மோசமாக வந்தது.

நம்மிடம் வரும் பெண்கள் எப்படி வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். காலையில் வீட்டு வேலை, தண்ணீர், தம்பி தங்கைகள், அதன்பின் நம் மாடிப்படி. அந்தப் படியேறி மெஷின் முன் உட்காரும்போதே தோள் காதைத் தொட்டுக்கொண்டிருக்கும். அடிக்கும்போது மூச்சை விடுவதில்லை. நான் பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன். வரி தொடங்கும்போது இழுத்த மூச்சு, வரி முடியும் மணி அடித்த பிறகுதான் வெளியே வரும். ஒரு தப்பு விழுந்தால் அதுகூட வராது. ஒரு தப்பைத் தொடர்ந்து அடுத்த தப்பு, அதன் பின்னால் இன்னொன்று. வேகம் குறைவதால் தோற்கிறவர்கள் நம்மிடம் குறைவு. ஒரு தப்பை மறக்க முடியாமல் தோற்கிறவர்கள்தான் அதிகம்.

ஆகவே நாயுடு சாரின் சட்டத்தோடு என்னுடையதையும் சேர்த்தேன். ரயில் வந்தால் கை மடியில், உள்ளங்கை மேலே பார்க்க. கண் மூடியிருக்க வேண்டும். தோள் கீழே. காகிதத்தைப் பார்க்கக் கூடாது, தப்பைப் பற்றிப் பேசக் கூடாது. கடைசிப் பெட்டி போன பிறகு கண்ணைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் வாரம் ஒரே சிரிப்பு. கண்ணை மூடச் சொன்னால் ஒருத்தி பக்கத்தில் இருப்பவளின் பின்னலை இழுப்பாள். அடுத்த வாரம் சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. தூரத்தில் இன்ஜின் கூவியதும் அறை முழுக்க ஒரே சமயத்தில் சத்தம் நிற்கும். அத்தனை மெஷின்களும் அடித்துக்கொண்டிருந்த அறையில், திடீரென்று ரயில் மட்டும். கண்ணை மூடிய முகங்கள். அவற்றில் ஒன்றுகூடச் சுருங்கியிருக்காது. நான் மட்டும் கண்ணைத் திறந்து அவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இப்போது எதை வேண்டுமானாலும் கேள் என்று யாராவது சொன்னால், அந்த அறையில் அப்படி ஒரு முறை நிற்க வேண்டும் என்றுதான் கேட்பேன்.

துறைமுகத்தில் வேலைநிறுத்தம் வந்தபோது சில நாட்கள் சரக்கு ரயிலே இல்லை. வகுப்பு கெட்டுப்போனது. தோள்கள் மறுபடி காதுக்கு ஏறின. தப்பு கூடியது, ஒருத்தி அழுதாள். அன்று சாரதா எழுந்து, "ரயிலு வரல டீச்சர். நான் வரட்டா?" என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. உடனே அவள் வாயாலேயே இன்ஜின் கூவினாள். பெட்டி பெட்டியாகத் தண்டவாளச் சத்தம் போட்டாள். மற்றவர்கள் கையை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள். கீழே கிடங்கிலிருந்து யாரோ, "இன்னா நைனா, ஸ்டிரைக்கு முட்ஞ்சிச்சா?" என்று கேட்டது மாடிவரை வந்தது. வேலைநிறுத்தம் முடியும்வரை சாரதாதான் எங்கள் ரயில். அவள் கொஞ்சம் சின்ன ரயில், மூச்சு முட்டிவிடும். அவ்வளவுதான் குறை.

அந்த நாட்களில் நான் ஒன்றைப் பார்த்திருக்க வேண்டும். ரயிலாக வந்த சாரதா மட்டும் கண்ணை மூடவில்லை, கையையும் மடியில் வைக்கவில்லை. அவள் ஓய்வை நடத்தினாள், மற்றவர்கள் அதற்குள் இருந்தார்கள். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி ரெஜினா. உங்கள் மாலை வகுப்பில் ஜன்னலோர மெஷினில் உட்கார்கிறாளே, அவள்தான். அவளுடைய அம்மா திருவொற்றியூரில் தீப்பெட்டித் தொழிற்சாலையில் பேக்கிங்கில் இருக்கிறாள். பெட்டியில் குச்சி நிரப்பும் வேலை. கான்வென்டில் படிப்பு முடிந்ததும் ரெஜினாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள அந்த அம்மாவுக்கு மேஸ்திரி இடம் பிடித்துக் கொடுத்திருந்தார். அதே தொழிற்சாலையின் மாடியில் ஆபீஸ். அங்கே ஒரு டைப்பிஸ்ட் பெண் தேவை என்றும், லோயர் கிரேடு பாஸ் சர்ட்டிபிகேட்டோடு நம் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து யார் முதலில் வந்தாலும் எடுத்துக்கொள்வதாகவும் அந்த ஆபீஸ் மேனேஜர் சொல்லியிருந்தார். இந்தப் பரீட்சை முடிவு வரும்வரை காத்திருப்பார், அதற்கு மேல் இல்லை. ரெஜினாவுக்கு அந்த மாடிதான் எல்லாம். கீழேயிருந்து பார்த்தால் ஆபீஸ் ஜன்னலில் ஒரு மின்விசிறி சுற்றுவது தெரியுமாம். அதைப் பற்றி அவள் பேசினால் மற்றவர்கள் கேலி செய்வார்கள். "மெஷினுக்குத்தான்டி காத்து, உனுக்கு இல்ல" என்பாள் சாரதா.

நான் சொன்ன தொடர்த் தப்பு வியாதி ரெஜினாவுக்கு எல்லாரையும்விட அதிகம். இடை ஓய்வால் எல்லாரையும்விட அதிகம் தேறியவளும் அவள்தான். மற்றவர்கள் கண்ணை மூடுவார்கள், அவள் முழுக்க ஓய்ந்துவிடுவாள். ரயில் போய்த் திரும்பிவரும்போது, அதற்கு முன் விழுந்த தப்பு அவள் விரலில் இருக்காது.

அதனால்தான் மண்டபத்தில் அவள் கடைசியாகக் கண்ணைத் திறந்தாள். நான் வராந்தாவில் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தேன். சாரதா திடுக்கிட்டு விழித்துப் பக்கத்து மெஷின்களைப் பார்த்து, உடனே அடிக்கத் தொடங்கினாள். ரெஜினாவின் முகம் நம் மாடியில் இருப்பது போலவே இருந்தது. நான் ஜன்னலைத் தட்டியிருந்தால் நால்வரையும் வெளியே அனுப்பியிருப்பார்கள். பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. அவ்வளவு நீளமான ரயிலை ராயபுரத்தில்கூட நான் பார்த்ததில்லை.

வேகத் தாளுக்கும் அடுத்த தாளுக்கும் நடுவே சிறிது நேரம் விட்டார்கள். நால்வரும் வெளியே வந்தார்கள். மூவர் முகத்தில் வெட்கம் கலந்த சிரிப்பு. ரெஜினா கடைசியாக, சிரிக்காமல் வந்தாள். வண்ணாரப்பேட்டையிலிருந்து ஆண்பிள்ளைகளைக் கூட்டிவந்திருந்த ஒரு வாத்தியார் என்னிடம், "ஏம்மா, உங்க பொண்ணுங்க பரீட்சைக்கு வந்தாங்களா, பூசைக்கு வந்தாங்களா?" என்று கேட்டார். கேலி செய்தாலும் நல்ல மனிதர். காதில் பஞ்சை அடைத்து அனுப்பும்படி அவரே யோசனையும் சொன்னார்.

ரெஜினாவின் அம்மா அன்றைய கூலியை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றிருந்தாள். விஷயம் அவள் காதுக்குப் போய்விட்டது. நேராக என்னிடம் வந்தாள்.

"இன்னா டீச்சரம்மா, ரயிலு வந்தா கைய எட்த்துடணும்னு எந்த புக்குல எய்தி கீது? எம் பொண்ணு இன்னா ரயில்வே கேட்டு போடுறவளா?"

நான் பதில் சொல்வதற்குள் ரெஜினா என்னைப் பார்த்தாள். அழவில்லை.

"கடைசிப் பொட்டி போறவரைக்கும் கண்ணத் தொறக்கக் கூடாதுன்னு நீங்கதான டீச்சர் சொன்னீங்க."

"ஆமாம், நான்தான் சொன்னேன்" என்றேன்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது அடுத்த சில நிமிடங்களைப் பற்றித்தான். அடுத்த தாளின்போதும் ரயில் வரலாம். அம்மா சேலைத் தலைப்பைக் கிழித்துச் சுருட்டத் தொடங்கிவிட்டாள், காதில் அடைக்க. என் முன்னால் இரண்டு வழி இருந்தது. காதை அடைத்தால் ரயில் கேட்காது, சரி. வரி முடிகிற மணியும் கேட்காது. மணி கேட்காத டைப்பிஸ்ட் ஓரத்தில் முட்டிக்கொள்வாள். ரயில் வந்தாலும் கையை எடுக்காதே என்று உத்தரவு போடுவது இன்னொரு வழி. அப்படிச் சொன்னால் அந்தத் தாள் முழுவதும் ரயிலுக்காகவே காது கொடுத்துக் காத்துக்கொண்டிருப்பாள். வராத ரயிலுக்கும் பயப்படுவாள். பக்கத்தில் வண்ணாரப்பேட்டை வாத்தியார் தன் பிள்ளைகளிடம் விட்ட தப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் கேட்க ஆசைதான். எத்தனை வரி விட்டாய், எங்கே நிறுத்தினாய்? கேட்கவில்லை.

கிழித்த துணியை அம்மாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். மணியைப் பற்றிச் சொன்னேன். நம்பாமல் பார்த்தாள், ஆனால் திரும்பப் பிடுங்கவில்லை. ரெஜினாவைப் படிக்கட்டில் உட்கார வைத்தேன்.

"ரயில் வந்தா கை தானா எழும்பும். எழும்பட்டும், அடக்காதே. ஒரு மூச்சு விடு. மூச்சு வெளியே போனதும் கை கீழே வரலாம். கடைசிப் பெட்டிக்காகக் காத்திருக்க வேண்டாம். ரயில் எவ்வளவு நீளமோ போகட்டும், உன் ஓய்வு உன் மூச்சு நீளம்தான்."

அவள் தலையாட்டினாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, மகளின் கையை எடுத்து, ஒவ்வொரு விரலாக இழுத்து நெட்டி முறித்துவிட்டாள். கோபம் தீராமல் முணுமுணுத்துக்கொண்டேதான் முறித்தாள். மணி அடித்து உள்ளே கூப்பிட்டார்கள்.

இரண்டாவது தாளின்போதும் ரயில் வந்தது. மற்ற மூவரின் கை இந்த முறை எழும்பவே இல்லை. ரெஜினாவின் கை மட்டும் எழும்பியது. தோள் ஒருமுறை இறங்கியது. பெட்டிகள் போய்க்கொண்டிருக்கும்போதே விரல்கள் விசைமேல் வந்துவிட்டன. அந்தச் சத்தத்துக்குள்ளேயே அவள் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எத்தனையோ பேரைப் பரீட்சைக்கு அனுப்பியிருக்கிறேன், அந்த ஒரு நிமிடம் போல எதையும் பார்த்ததில்லை.

முடிவு வந்தபோது மூவர் பாஸ். ரெஜினா இரண்டாவது தாளில் நல்ல பாஸ், வேகத் தாளில் இல்லை. அடித்த வரைக்கும் தப்பு ஏதும் இல்லையாம். அடித்தது போதவில்லை. முழு மனதோடு ஓய்ந்தவள்தான் தோற்றாள். அரைக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். இதை வைத்து ஓய்வே தவறு என்று நீங்கள் முடிவு கட்டுவதைத்தான் நான் தடுக்க விரும்புகிறேன். ஓய்வின் கயிறு ரயிலின் கையில் இருந்தது, அதுதான் தவறு.

திருவொற்றியூர் மேனேஜர் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. சாரதா என்னிடம் வந்து, அந்த வேலைக்குத் தான் போகலாமா என்று கேட்டாள். ரெஜினா பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவள்தான் பதில் சொன்னாள்:

"போடி. மேல நம்மாளு ஒருத்தி இருந்தா கீய கீறவளுக்கு நல்லதுதான். ஆனா அங்க போயி ரயிலு மாதிரி கத்தாத. முத நாளே வூட்டுக்கு அனுப்பிடுவான்."

சாரதா சிரிக்கவில்லை. ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதன் பிறகு எனக்கு நம் மாடியில் மிஞ்சியது சில வாரங்கள்தான். அந்த வாரங்களில் சட்டத்தை மாற்றினேன். ரயில் வரும்போது நிறுத்துவது காகிதத்துக்காக, அது நாயுடு சாருடையது, இருக்கட்டும். பெண்களின் ஓய்வு அதோடு ஒட்டக் கூடாது. முடிந்த காகிதத்தை உருவி அடுத்ததைச் செருகுவதற்கு முன்னால் கையைக் கீழே விட வேண்டும், தோளை இறக்க வேண்டும், ஒரு மூச்சு விட வேண்டும். ஒரு தப்பு விழுந்து அடுத்தது வரும் என்று தோன்றினால் அப்போதும் அதே. யாரும் கூவ மாட்டார்கள், மணி அடிக்க மாட்டார்கள், நீங்களும் சொல்லக் கூடாது. எப்போது, எவ்வளவு என்பது அவள் கையில். இதைப் பரீட்சைவரை கொண்டுபோய்ப் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை. பந்தக்கால் நட்டுவிட்டார்கள்.

இப்போது நான் எண்ணூரில் இருக்கிறேன். என் கணவருக்கு உப்பள ஆபீஸில் வேலை. வீட்டைச் சுற்றி உப்பும் காயல் தண்ணீரும். காலை வேலை முடிந்தால் சாயங்காலம்வரை எனக்கு ஓய்வுதான். பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது போலக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். அது ஓய்வாக இல்லை. ஓய்வுக்கு முன்னாலும் வேலை இருக்க வேண்டும், பின்னாலும் வேலை இருக்க வேண்டும். உங்களுக்கு அது இரண்டு பக்கமும் இருக்கிறது. ராயபுரம் இங்கிருந்து ஒன்றும் தூரமில்லை. ஆனாலும் மாடியேறி வந்து வகுப்பு வாசலில் நிற்க எனக்கு இப்போது ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லும் துணிவு இன்னும் வரவில்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ரெஜினா வேகப் பயிற்சியின் நடுவே கையைக் கீழே விட்டால், நேரம் போகிறது என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் போய் நிற்கவும் வேண்டாம். அவள் திரும்பி வருவாள்.

இன்றைய நிலை இது. சாரதா தொழிற்சாலை மாடியில் டைப்பிஸ்டாக இருக்கிறாள். ரெஜினா பகலில் கீழே பேக்கிங்கில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்கிறாள், மாலையில் உங்களிடம் வருகிறாள். மாடி ஆபீஸுக்கு இரண்டாவது மெஷின் வந்திருக்கிறது, அதற்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை என்று சாரதா சொல்லியனுப்பினாள். அடுத்த பரீட்சை தை மாதம். அதே மண்டபம்தான்.